வண்ணாத்திப்பாறையில் ஒரு பகல்

லோயர் கேம்ப்பில் பேருந்து இறக்கிவிட்டபோது விடிகாலை நாலரை மணி. சித்திரை முழுநிலா குமுளி மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களும் அந்த வெளிச்சத்தில் மலையின் நெஞ்சில் போட்ட கோடுகளாய்த் தெரிந்தன. நான் சின்னமனூர்க்காரன். பிறந்ததிலிருந்து இந்த வண்ணாத்திப்பாறை மலையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் உச்சிக்கு ஏறியதில்லை. அங்கே இருப்பது வருடத்தில் 364 நாள் பூட்டிக் கிடந்து, சித்திரை முழுநிலா அன்று மட்டும் திறக்கும் கண்ணகி கோயில். அந்த நாளில் எப்போதும் நான் வெளியூரில் இருப்பேன். இந்தச் சித்திரைக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

பளியன்குடி வரை தார்ச்சாலை. அதன்பிறகு காடு. வனத்துறைக்காரர்கள் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தார்கள். பாலித்தீன் பை, பிளாஸ்டிக் பாட்டில் எதையும் மேலே விடுவதில்லை. பூக்காரம்மா கட்டிக்கொடுத்த கதம்பத்தைப் பாலித்தீனிலிருந்து எடுத்து வாழை இலைக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு முன்னால் நின்ற குடும்பத்துக்கு வழி கிடைத்தது. எல்லோர் கையிலும் எவர்சில்வர் சொம்பும் தூக்குவாளியும் இருந்தன. நாற்பது வருடத்துக்கு முந்தைய திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

இங்கிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய ஆறரை, ஏழு கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரம் நெட்டுக்குத்தான ஏற்றம். மூங்கில் புதர்கள் இரண்டு பக்கமும் நெருக்குகின்றன. காலுக்குக் கீழே உருளைக்கல்லும் வேரும்தான். பாதையோரத்தில் யானை லத்தி காய்ந்து கிடந்தது. கேரளப் பக்கத்தில் இது பெரியாறு புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காடு. குமுளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஜீப் உண்டு, பதினைந்து கிலோமீட்டர் அளவுக்குக் குலுங்கிக்கொண்டு வரலாம். கூடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் காட்டுப்பாதைதான்.

ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பக்கத்துப் பாறையில் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டிய வயது. மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து மடியில் வைத்திருந்தார். காலில் செருப்பில்லை.

“எந்தூருப்பா நீயி?”

“சின்னமனூரு ஆத்தா. நீங்க?”

“கம்பத்துக்குப் பக்கந்தேன். மொத தடவையா வர்றியோ? நிழல் பாத்து ஏறு. வெயிலு ஏறிருச்சுன்னா புல்லுமேட்டுல மண்டை பொளந்துரும்.”

மடியில் என்ன என்று கேட்டேன். பச்சரிசியும் வெல்லமும், மேலே பொதுப் பொங்கலில் சேர்ப்பதற்காம். கூடவே ஒரு டஜன் கண்ணாடி வளையல். “அவளுக்குப் போட்டுவிட யாரு இருக்கா? புருசனத் தொலச்சுட்டு வந்தவ. நாமதேன குடுக்கணும்.” சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். மலை ஏறி முடிக்கும்வரை அவரை என்னால் முந்த முடியவில்லை.

கண்ணகியின் வழியை நான் சின்னமனூர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மதுரையை எரித்தபின் அவள் வையைக் கரையோடு மேற்கே நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். பதினான்காம் நாள் மாலையில் வேங்கை மரத்தடியில் நின்றவளை வானூர்தி வந்து அழைத்துப்போனது. மதுரையிலிருந்து வையையைப் பிடித்து மேற்கே வந்தால் தேனிக்குப் பக்கத்தில் குன்னூர் அருகே ஆறு இரண்டாகும். ஒரு கிளை வருசநாட்டு மலைக்குப் போகிறது. மற்றொன்று முல்லையாறு, அது கம்பம் பள்ளத்தாக்குக்குள் கூட்டிவந்து நேராக இந்த மலையடியில் விடும். மொத்தம் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு முலையைத் திருகி எறிந்த பெண், சோறு தண்ணி இல்லாமல், நாளுக்குப் பத்து கிலோமீட்டர் போல நடந்திருந்தால் பதினான்கு நாள் சரியாக வருகிறது. அவள் ஏறியதாகக் காப்பியம் சொல்லும் நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர்களுக்குள் வேறு கருத்துகளும் உண்டு, திருச்செங்கோடு என்பாரும் உளர். ஆற்றோடு வளர்ந்தவன் என்ற முறையில் என் மனது இந்த மலையின் பக்கம்தான்.

இந்தக் கணக்கைக் காலால் போட்டவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த தடத்தையே தேடித் தேடி நடந்து, 1963-இல் இந்த மலைமேல் காட்டுக்குள் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று எடுத்துச் சொன்னவர் அவர். அதற்கு முன்பும் நம் ஊர்ச் சனம் சித்திரைக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மூங்கில் காடு முடிந்ததும் சட்டென்று வானம் திறந்துகொண்டது. புல்மேடு. இடுப்பளவு போதைப்புல் காற்றில் ஒரே பக்கமாகப் படுத்து எழுந்தது. ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கினால் எலுமிச்சை வாசம். பாட்டி சொன்னது சரி, இங்கே ஒதுங்க மரம் இல்லை. நகராட்சிக்காரர்கள் வைத்திருந்த தொட்டியில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. கூடலூர், அதற்கு அப்பால் கம்பம், புகைமூட்டத்துக்குள் உத்தமபாளையம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கர் இது. சித்திரையில் அறுப்பு முடிந்து வயல்கள் வெளுத்துக் கிடந்தன. ஜூனில் தண்ணீர் திறக்கும்வரை அப்படித்தான். திராட்சைப் பந்தல்கள் மட்டும் பச்சைப் பாய் விரித்தாற்போல. இந்த மலையின் மறுபக்கத்து மழையை 1895-இல் பென்னிகுயிக் கட்டிய அணைதான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. கண்ணகி இங்கே நின்று பார்த்திருந்தால் இந்தப் பச்சை இருந்திருக்காது. கோடையில் காய்ந்துபோகும் ஒரு காட்டாறும் அதன் கரையில் சில சிற்றூர்களும் தெரிந்திருக்கும்.

அந்தச் சிற்றூர்களில் ஒன்றாகக் கூடலூரும் இருந்திருக்கலாம். 2006-இல் ஆண்டிபட்டிப் பக்கம், வையைக் கரையில் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. தமிழகத்தில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் அவையே மிகப் பழையவை. அதில் ஒரு கல் கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், செத்துப்போன அந்தவன் என்ற வீரனுக்காக நட்டது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் ஊரும் வெட்டிவைத்த சனம் நம்முடையது. அந்தக் கூடலூர் இதுதானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் புல்மேட்டில் நின்று அந்த ஊரைப் பார்க்கிறபோது எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் கண்ணகிக்கு எடுத்ததும் நடுகல்தான். வஞ்சிக் காண்டத்தில் அடுத்தடுத்து வரும் ஐந்து காதைகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. தொல்காப்பியம் வீரனுக்குக் கல் எடுக்கச் சொல்லும் அதே படிகள். மலைக்குறவர் வேங்கை நிழலில் தாங்கள் கண்ட பெண்ணைச் சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். கோப்பெருந்தேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியைத் தொழவேண்டும் என்கிறாள். அரசன் இமயத்துக்குப் படை கொண்டுபோய்க் கல்லெடுத்து, கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். வஞ்சியை விட்டு அவன் புறப்பட்டுப் போய் முப்பத்திரண்டு மாதம் ஆனதாகக் கணக்கும் இருக்கிறது. ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் போனதற்காக, அவளுக்குச் சொந்தமில்லாத நாட்டின் அரசன் செய்த காரியம் இது. உலகக் காப்பியங்களில் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த அரசனின் தலைநகரான வஞ்சிக்குப் போய்ப் பார்க்க வழியில்லை. அது கரூர் என்பார்கள், கொடுங்கல்லூர்ப் பக்கம் என்பார்கள். கரூரில் சேரர் காசுகள் கிடைத்தன, பக்கத்துப் புகளூர் மலையில் சேரல் இரும்பொறைகள் மூன்று தலைமுறையின் பெயர் கல்லில் இருக்கிறது. அரண்மனை என்று கைகாட்ட ஒரு சுவர் கிடையாது. சேரன் பெயரோடு மக்கள் கால்நடையாய் ஏறிவந்து நிற்கும் இடிபாடு எனக்குத் தெரிந்து இந்த மலையுச்சி ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு மேலே சேர்ந்தேன். கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேல். காற்று சில்லென்று இருந்தது, வெயில் மட்டும் சுட்டது. இரண்டு மாநிலப் போலீசும் வரிசையைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கேரளப் பக்கமிருந்து வந்த ஜீப்புகளின் செம்புழுதி எல்லோர் தலையிலும் சமமாகப் படிந்திருந்தது. சுற்றுமதில் வெறுங்கல்லை அடுக்கியது. பல இடங்களில் சரிந்து, உள்ளே போகும் வாசலின் நிலைக்கற்கள்தான் நிமிர்ந்து நின்றன.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. படத்தில் பார்த்ததுதான். நேரில் வேறு மாதிரி இருந்தது.

தனித்தனியாகச் சில சன்னதிகள். எல்லாம் கருங்கல், சுண்ணாம்பு வைக்காமல் கல்லுக்குக் கல் பொருத்தி எழுப்பிய கட்டு. பாண்டியர் பாணி. செங்குட்டுவன் நட்ட காலத்துக் கட்டடம் அல்ல இது, பல நூற்றாண்டுகள் கழித்து எழுப்பியது. பாண்டியர் காலக் கல்வெட்டும் இருக்கிறது. ஆக, கண்ணகியால் மதுரையை இழந்த பாண்டியர் குடியே பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பேணியிருக்கிறது. அதை நினைத்து நான் சற்று நேரம் வெயிலிலேயே நின்றேன்.

ஒரு சன்னதியின் தென்பக்கச் சுவரில் மூன்று வரிசைக் கல் அப்படியே வெளியே பிதுங்கியிருந்தது. இடுக்கில் என் கை மணிக்கட்டு வரை போனது. உள்ளே ஈரமும் வேரும். தென்னங்குச்சி பருமனில் உள்ளே புகுந்த வேர் மறுபக்கம் என் முழங்கை கனத்தில் வெளியே வந்திருந்தது. அதன் கீழே அடித்தளமான அதிட்டானத்தின் குமுதக் கல், எட்டுப்பட்டையாகச் செதுக்கியது, நடுவில் விண்டு நின்றது. விண்ட முகம் இன்னும் வெளுப்பாக இருந்தது. மற்றக் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க இந்த ஒன்று மட்டும் வெளுப்பு. ஆகவே பழைய உடைசல் இல்லை, சமீபத்தில் உடைந்தது. ஒருகாலத்தில் உத்தரத்தைத் தாங்கியிருக்க வேண்டிய கல் ஒன்று தரையில் குப்புறக் கிடந்தது. மேலே துளையிட்ட குழி, அதில் போன மழையின் சருகு. பாட்டி அங்கே வந்து குனிந்து, மடியிலிருந்த வளையல்களில் இரண்டை எடுத்து அந்தக் குழிக்குள் வைத்தார்.

“சன்னதியில வைக்கலையா ஆத்தா?”

“அங்க வைக்கத்தேன் பத்து. இதுவும் அவ வீட்டுக் கல்லுதானப்பா.”

தாய்லாந்தின் அயுத்தியாவுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். பாங்காக்கிலிருந்து எண்பது கிலோமீட்டர், அயோத்தியின் பெயரைத் தாங்கிய தலைநகரம். 1350-ஐ ஒட்டி எழுந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆண்டது. 1767-இல் பர்மியப் படை எரித்து அழித்தது. அங்கேயும் இதேபோல வேர் கல்லைக் கவ்வியிருக்கிறது. மகாதாத் விகாரையில் ஒரு புத்தர் தலை அரசமர வேர்களுக்குள் அகப்பட்டுக் கண்மூடிச் சிரிக்கிறது. அதைப் படம் எடுப்பவர்கள் அந்தத் தலைக்கு மேலே தங்கள் தலை உயராமல் மண்டியிட வேண்டும் என்று காவலர் சொல்வார். தலை போன சிலைகளும் செங்கல் கோபுரங்களும் எரிந்த நிலையிலேயே, ஆனால் மேலும் விழாதபடி, பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. 1991-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.  அன்று அங்கே எனக்குத் தோன்றியது, எரிந்த நகரத்தை எப்படிக் காப்பது என்று தாய்லாந்துக்காரர்களிடம் கற்க வேண்டும் என்பதுதான். இந்த முற்றத்தில் நின்றபோது மனது வேறு பக்கம் போனது. எரிந்த மதுரை இன்று கோபுரமும் கூட்டமுமாக விளங்குகிறது. எரித்தவளின் கோட்டம் இடிந்து கிடக்கிறது.

வரிசை நகர்ந்தது. ஒரு சன்னதியில் தமிழ் முறைப் பூசை, இன்னொன்றில் மலையாள முறை. கருவறைக்குள் பழைய சிலை முழுதாக இல்லை. அன்றைக்கென்று சந்தனமும் பட்டும் பூவும் சாத்தி அலங்கரித்த முகம் விளக்கொளியில் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் முண்டு கட்டிய ஓர் அம்மா ‘தேவீ’ என்று விம்மினார். அவருக்கு இவள் பகவதி. கொடுங்கல்லூர் பகவதியிலும் ஆற்றுக்கால் பொங்காலையிலும் கண்ணகியைக் காணும் மரபு அந்தப் பக்கம் உண்டு. கடலைத் தாண்டினால் இவள் இன்னும் பரவியிருக்கிறாள். செங்குட்டுவன் கல் நட்டபோது இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்தான் என்பது காப்பியச் செய்தி. இன்றைக்கும் மட்டக்களப்பில் வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும், ‘வழக்குரை’ பாடிக் குளிர்த்தியோடு முடிப்பார்கள். சிங்களவர் அவளைப் பத்தினி தெய்யோ என்கிறார்கள், கண்டிப் பெரகராவில் அவள் தேவாலயத்துக்கும் இடம் உண்டு. அத்தனை ஊரிலும் கூரையும் விளக்கும் பெற்றவளுக்குப் பாண்டி நாட்டின் மேற்குக் கோடியில், அவள் கடைசியாக நின்றதாக நாம் நம்பும் இடத்தில், கூரை இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையுச்சி இரண்டு மாநில எல்லையில் இருக்கிறது. கூடலூர் வண்ணாத்திப்பாறையைச் சேர்ந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம், தங்கள் பக்கம் என்பது கேரளத்தின் வாதம். அளவைகள், வழக்குகள், கடிதங்கள் என்று பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. வருடா வருடம் தேனி, இடுக்கி ஆட்சியர்கள் உட்கார்ந்து பேசி, அந்த ஒரு நாளை ஒழுங்காக நடத்திவைக்கிறார்கள். அது பெரிய வேலை என்பதை நேரில் பார்த்தேன். மருத்துவ முகாம், தண்ணீர், ஆம்புலன்ஸ், காவல் எல்லாம் இருந்தது. காட்டு விலங்குகளுக்காக மற்ற நாளில் மலையை மூடிவைப்பதும் எனக்குச் சம்மதமே. யானைத் தடத்தில் தினமும் ஆயிரம் பேர் நடக்க வேண்டாம். ஆனால் சாய்கிற சுவருக்கு எல்லை தெரியாது. அந்தக் குமுதக் கல் யார் பக்கம் என்று தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால் தீர்ப்பு வரும்போது அது இருக்காது.

செய்ய முடியாத வேலையும் அல்ல இது. கம்போடியாவின் அங்கோர் காட்டில் தா புரோம் கோயிலை விழுங்கிய மரங்களுக்கு நடுவே, மரத்தையும் வெட்டாமல் கல்லையும் இழக்காமல் எடுத்து நிறுத்தும் பணியை இருபது வருடமாகச் செய்வது நம் நாட்டுத் தொல்லியல் துறைதான். விழுந்த கல்லுக்கு எண் போட்டு, வரைந்து, பழைய வரிசையில் பொருத்தும் கை நம்மிடம் இருக்கிறது. அங்கோர் காட்டில் முடிந்தது வண்ணாத்திப்பாறையில் ஏன் முடியாது? இரண்டு அரசும் ஒப்பி, எல்லை வழக்கு ஒருபுறம் நடக்கட்டும் என்று விட்டு, நான்கு கல்தச்சர்களையும் ஒரு பொறியாளரையும் மேலே அனுப்பினால் போதும். மலையாளத்து அம்மாவும் கம்பத்துப் பாட்டியும் அதற்குக் குறுக்கே நிற்கப் போவதில்லை.

மதியம் சுடுசோறும் பொங்கலும் கிடைத்தன. புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இளவட்டங்கள் சிலர் மதில் ஓரம் ஒரு குழியைக் காட்டி, இதுதான் மதுரைக்குப் போகிற சுரங்கம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தாத்தாவும் அதையேதான் சொல்வார்.

இரண்டரை மணி வாக்கில் ஏறி வருகிறவர்களை நிறுத்திவிட்டார்கள். நாலு மணிக்கெல்லாம் ஒலிபெருக்கியில் தமிழிலும் மலையாளத்திலும் இறங்கச் சொல்லத் தொடங்கினார்கள். இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்தது. பாட்டி எனக்கு முன்னே, கையில் காலி மஞ்சள் துணியை வீசியபடி போய்க்கொண்டிருந்தார். பளியன்குடி வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

“நல்லாப் பாத்தியாப்பா?”

“பாத்தேன் ஆத்தா.”

“போன வருசம் அந்தத் தெக்குச் சொவரு இன்னும் கொஞ்சம் உள்ள இருந்துச்சு.”

கூடலூரில் பேருந்துக்கு நின்றபோது மேகமலைப் பக்கத்திலிருந்து நிலா ஏறிவிட்டது. கம்பம், சின்னமனூர், தேனி என்று நடத்துநர் கூவினார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தெற்கே பார்த்தேன். மலை முகடு தெளிவாகத் தெரிந்தது. அதில் எங்கேயும் ஒரு விளக்கு இல்லை.